விசில் ஊதி வாங்கிய வண்டி

ஆமத்தூர் சோணைமுத்து வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. கக்கூஸ் கதவுக்கும் கிடையாது. உள்ளே இருப்பவர் இருமிக்கொண்டே இருக்க வேண்டும். இருமல் நின்றால் அடுத்த ஆள் திறந்துவிடுவார். அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் காபியோடு கிளம்பிவிடுவதற்கு இதுதான் காரணம் என்பாள் மகள் வேல்விழி.

சோணைமுத்து பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். காலையில் அவருடைய முதல் வேலை, அறை அறையாகப் போய்க் கதவு பார்ப்பது. கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, வாசலை மறித்து வாளி கீளி கிடக்கிறதா, உள்ளே நாலு பேருக்கு மேல் இருக்கிறார்களா என்று பார்ப்பார். இதெல்லாம் கம்பெனிக்கு உள்ள சட்டம். அதில் இல்லாத ஒன்றையும் அவராகச் சேர்த்துக்கொண்டார். புருசனையும் பெண்டாட்டியையும் ஒரே அறையில் வேலைக்கு உட்கார விடமாட்டார்.

காரணம் இருந்தது. அவருடைய தம்பி பெத்தணனும் தம்பி பெண்டாட்டியும் ஒரே அறையில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள், அது வெடித்து ஒன்றாகவே போய்விட்டார்கள். அவர்களுடைய இரண்டு வயதுப் பிள்ளை முனியராஜைச் சோணைமுத்துவும் அவர் மனைவி குருவம்மாளும் தூக்கிவந்து வளர்த்தார்கள். நமக்கும் அப்படி ஆனால் பிள்ளைகள் என்ன ஆகும் என்ற பயம் அன்றைக்கு அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம் இறங்கவே இல்லை.

கம்பெனியோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அந்தச் சட்டத்தைப் பஸ்ஸுக்கும் கொண்டுவந்தார். கல்யாணமோ கோயிலோ, குருவம்மாள் முதல் பஸ்ஸில் போவாள். அவர் அடுத்த பஸ்ஸில் வருவார். ஒருமுறை, இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று நினைத்துக் குருவம்மாளின் அண்ணன் சமாதானம் பேச வந்துவிட்டார். கோழி அடித்துச் சோறு போட்டு, சண்டையே இல்லை என்று அவரை நம்பவைத்து அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அண்ணனும் சோணைமுத்துவும் சேர்ந்தே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

இரண்டாயிரத்து ஏழில், நாலுவழிச் சாலைக்கு அவருடைய கரிசல் நிலத்தை நஷ்டஈடு கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். வேலிக்கருவை தவிர எதுவும் விளையாத நிலம் ஒரே நாளில் காராக விளைந்தது. குருவம்மாளுக்கு மூட்டுவலி, பஸ் படி ஏற முடியவில்லை, ஒரு வண்டி வாங்குவோம் என்று சோணைமுத்துவே சொன்னார். குருவம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஒரு தடவையாவது புருசன் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும் என்பதுதான் அவளுடைய நெடுநாள் ஆசை.

மறுநாள் அவர் தன் திட்டத்தை விளக்கினார்.

"நீங்க மூணு பேரும் கார்ல முன்னால போங்க. நான் டிவிஎஸ்ல பின்னாலயே வந்துருதேன்."

குருவம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எந்த வண்டி என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது. திருத்தங்கல் அச்சாபீசில் வேலை பார்க்கும் முனியராஜ் ஸ்கார்பியோ என்றான். வேல்விழி சஃபாரி என்றாள். இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார் சோணைமுத்து. இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு எதிரே இருந்த பொட்டலில் இரண்டு வண்டிகளும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்றன. ஸ்கார்பியோ கொண்டுவந்த தனுஷ்கோடியும் சஃபாரி கொண்டுவந்த ஜெயசுந்தரும் ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காததுபோல் டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

பட்டாசு அறைக்குள் நுழைவோரிடம் செய்வதுபோல, முதலில் இருவருடைய செல்போனையும் வாங்கித் தாம்பாளத்தில் வைத்தார் சோணைமுத்து. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்கார்பியோவைச் சுற்றிவந்தார்.

"மைலேஜ் பாத்தீகன்னா சார்..." என்று ஆரம்பித்தான் தனுஷ்கோடி.

"அது கெடக்கட்டும். உள்ள எத்தன பேரு?"

"ஏழு பேரு தாராளமா உக்காரலாம் சார்."

"நாலுக்கு மேல கூடாது. கதவு வெளிய தொறக்குமா, உள்ள தொறக்குமா?"

இருபது வண்டி விற்ற தனுஷ்கோடியிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. வெளியேதான் என்றான். சோணைமுத்துவின் முகம் மலர்ந்தது. ஜெயசுந்தர் விடுவானா? சஃபாரியின் பெருமையை எடுத்துவிட்டான்.

"சார், இங்கன ஒரு பட்டன அமுக்குனாப் போதும். எல்லாக் கதவும் ஒண்ணாப் பூட்டிக்கிரும். பின் கதவுல சைல்டு லாக் வேற இருக்கு. போட்டுட்டா உள்ள இருக்கவுக என்ன செஞ்சாலும் தொறக்க முடியாது!"

சோணைமுத்து இரண்டடி பின்னால் போனார். "அட பாவி! அதப் போயி வாய்விட்டுச் சொல்லுதியே" என்றார். தன் வண்டியிலும் அதெல்லாம் உண்டு என்று சொல்ல வாயெடுத்த தனுஷ்கோடி, வாயை மூடிக்கொண்டான்.

கடைசியில் பட்டாசுக் கம்பெனி வழக்கப்படியே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். முனியராஜ் முன்னால், குருவம்மாளும் வேல்விழியும் பின்னால். பாரம் போதாது என்று எதிர்க் கம்பெனி ஆளான ஜெயசுந்தரையும் ஸ்கார்பியோவில் ஏற்றினார். கையில் கடிகாரம், வாயில் விசில். ஊதியதும் எல்லாரும் இறங்கி வேப்பமரம் வரை ஓட வேண்டும்.

விசில் ஊதினார். ஜெயசுந்தர்தான் முதலில் மரத்தைத் தொட்டான். ஏழு விநாடியில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். குருவம்மாள் வரவில்லை. மூட்டுவலி என்று நினைத்து, ஆற அமர இறங்கவிட்டு, எல்லாரையும் சஃபாரியில் ஏற்றினார். மறுபடியும் விசில். ஆறே விநாடி. குருவம்மாள் அசையவில்லை; மடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"ரெண்டு வண்டியும் சரிப்படாது" என்றார் சோணைமுத்து. இரண்டு டைகளும் தொங்கிப்போயின.

"வண்டில ஒரு குத்தமும் இல்ல" என்றாள் குருவம்மாள் உள்ளேயிருந்து. "எனக்குத்தான் எறங்க இஷ்டமில்ல."

"ஏன்?"

"இருவத்திரெண்டு வருசமா முன் பஸ்ஸுல போயி எறங்கி, பின் பஸ்ஸு எப்ப வரும் எப்ப வரும்னு ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கேன். பஸ்ஸு கொஞ்சம் தாமசமானா எனக்கு ஈரக்கொல நடுங்குது. ஒண்ணாப் போயிருவமோன்னு உங்களுக்குப் பயம். நீங்க மட்டும் தனியாப் போயிருவீகளோன்னு எனக்குப் பயம். உங்க பயத்துக்கு விசில் ஊதுதீக. எம் பயத்துக்கு எந்த வண்டிய வாங்கித் தாரீக?"

சோணைமுத்துவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தான் அவளைக் காப்பாற்றிவருவதாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அவளை ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் பயத்தோடு நிறுத்திவைத்தது தான்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. அவர் முனியராஜைப் பார்த்தார். யாருக்காகப் பயந்தாரோ அந்தப் பிள்ளை ஆறடி உயரத்தில், மீசையோடு வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"நான் வளந்துட்டேன் பெரியப்பா" என்றான் முனியராஜ். "இனிமே எனக்கு யாரும் சோறு ஊட்ட வேண்டாம். ஏறுங்க."

சோணைமுத்து விசிலைச் சட்டைப்பையில் போட்டார். வெறுங்காலோடு ஏறி, குருவம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெயசுந்தர் வண்டியை எடுத்தான். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பினார்கள். அவ்வளவு தூரமும் அவருடைய ஒரு கை கதவுப் பிடியில் இருந்தது. இன்னொரு கை குருவம்மாளின் கையைப் பிடித்திருந்தது. பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொட்டலுக்கு வந்ததும், ஜெயசுந்தரிடம் "இதையே எழுதிக்கப்பா" என்றார்.

தனுஷ்கோடிக்குப் பொறுக்கவில்லை. "சார், இது நியாயமா? எங்க வண்டியிலயுந்தான் அக்கா எறங்கல!"

"அதுல நான் ஏறலையேப்பா" என்றார் சோணைமுத்து.