வலப்பக்கம் நின்றவள்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. அம்மா என் தலையில் வைத்த குட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். எதற்குக் குட்டினாய் என்று கேட்டதற்கு அன்றைக்கு யாருமே பதில் சொல்லாமல் போனார்களே, அதைச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நியாயம் தெரியாது என்று இந்தப் பெரியவர்கள் எப்படித்தான் முடிவு கட்டுகிறார்களோ.

தூத்துக்குடியில் புது ஹார்பர் வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நாங்கள் திரேஸ்புரத்தில் இருந்தோம். அப்பா சங்கு குளிப்பவர். விடியுமுன் வள்ளத்தில் போய், ஆழத்துக்கு இழுக்கும் கல்லில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். மேலே வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் பக்கம் குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். தன் கூடப்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. மாமா கட்டியிருந்ததும் அப்பாவின் தங்கையைத்தான். அதனால் இரண்டு பேருமே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அதற்காக அப்பா வீட்டில் இருப்பார் என்று அர்த்தமில்லை. மாதா கோயில் பூசை முடிந்த கையோடு கரைக்குப் போய்ச் சீட்டாட உட்கார்ந்தால், சோற்றுக்குக் கூப்பிட நான்தான் வெயிலில் நடையாய் நடக்க வேண்டும். அந்த ஒரு ஞாயிறு மட்டும் என்ன வந்ததோ, கோயிலிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இன்னைக்குப் பூரா நான் பிள்ளைகளோடதான்" என்றார்.

அம்மா நம்பவில்லை. "ஏன், கரையில எல்லாரும் செத்தா போனாவ?" என்று கேட்டாள். அதற்கும் அவர் சிரித்ததோடு சரி.

நானும் தம்பியும் தலைகால் புரியாமல் குதித்தோம். கண்ணாமூச்சி ஆடலாம் என்று சொன்னதும் அப்பாதான். அவர் கண்ணைக் கட்டிக்கொள்வாராம், நாங்கள் குரல் கொடுக்க வேண்டுமாம், யார் அகப்படுகிறார்களோ அவர்களைத் தோளில் ஏற்றி முற்றத்தைச் சுற்றி வருவாராம். அகப்படுவதற்காகவே ஆடும் ஆட்டம். அப்பா தோளில் ஏறி எனக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அம்மாவின் பழைய சேலைத் துணியால் கண்ணைக் கட்டினோம். நான் அவருக்கு வலப்பக்கம், முருங்கை மரத்தடியில் நின்று கை தட்டினேன். அவர் இடப்பக்கம் திரும்பிச் சுவரைத் தடவினார். "அப்பா, இங்கன" என்று கத்தினேன். இன்னும் இடப்பக்கமாகவே போனார். தம்பி அவர் காலையே சுற்றிக்கொண்டிருந்ததால் கையில் தட்டுப்பட்டான். உடனே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சரி, சின்னப் பயல், போகட்டும் என்று விட்டேன். அடுத்த ஆட்டத்திலும் அவன்தான். அதற்கடுத்ததிலும் அவனேதான்.

எனக்கு வயிறு எரிந்தது. கடைக்கு ஓடுவது நான். அடிபம்பில் தண்ணீர் பிடிப்பது நான். ஞாயிறுதோறும் சீட்டாடும் இடத்துக்குப் போய்க் காத்துக்கிடப்பது நான். தோளில் ஏற மட்டும் ஆண்பிள்ளை வேண்டுமோ? இது எந்த ஊர் நியாயம்?

கடைசியில் கையெட்டும் தூரத்தில், அதே வலப்பக்கம் போய் நின்று "அப்பா" என்றேன். அவர் முகம் என் பக்கம் திரும்பவே இல்லை. சிரித்த முகமாக எதிர்ப்பக்கத்தில் வெறும் காற்றைத் துழாவினார். வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

மீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து முற்றத்துக்கு வந்தாள். பஞ்சாயத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று எனக்குத் தெம்பு வந்தது. அவளோ என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் அப்பாவின் வலப்பக்கம் போய் நின்று, "உலையில அரிசி போடட்டா?" என்று மெல்லக் கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். அப்பா சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். மீன் கையென்றும் பாராமல் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். "ஏளா, சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கு, என்ன விசயம்?" என்றார். விடுவேனா நான். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"மாமா, அப்பா கள்ளாட்டம் ஆடுதாவ. நான் கிட்டக்க நின்னு கூப்பிட்டாலும் கேக்காத மாரி..."

முடிக்கவில்லை. தலையில் நங்கென்று இறங்கியது குட்டு. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை.

"பொய் சொல்லாதளா. சின்னவனுக்காவ விட்டுக்குடுத்து வெளையாடுதாவ" என்றாள்.

பொய்யா? நானா? கண்ணால் கண்டதைச் சொன்னவளுக்குக் குட்டு, கள்ளாட்டம் ஆடியவருக்கு வக்காலத்தா? அழுகையை மீறிக் கோபம் வந்தது. அப்பா கண்கட்டை அவிழ்த்துவிட்டு, என்ன நடந்தது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

மாமா அப்பாவுக்கு வலப்பக்கம் வந்து நின்றார். "மச்சான், நாளைக்கு வெள்ளென எறங்கணும்" என்றார். அப்பா குனிந்து தம்பியின் டவுசர் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"வந்துருவாவ அண்ணே" என்று அம்மா அவசரமாகச் சொன்னாள்.

ஏன், அவருக்கு வாயில்லையா? மாமா அம்மாவைச் சற்று நேரம் பார்த்தார். திரும்பக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்து, தோளில் கைபோட்டு ஏதோ சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் குட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அங்கே நாதியில்லை.

அந்த வாரம் கடலடியில் அப்பாவின் வலது காதுச் சவ்வு கிழிந்திருந்ததும், வெளியே தெரிந்தால் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள் என்று அவர் அதை வீட்டில்கூட மறைத்ததும், நான் பிள்ளை பெற்ற பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். கயிறு பிடிக்கிறவனுக்குக் காது வேண்டாம். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டுவது கைக்குத் தெரிந்தால் போதும். "எனக்குக் கை மரத்துப் போவுது, கொஞ்ச நாளைக்கு மச்சான் பிடிக்கட்டும்" என்று மாமா வள்ளத்தில் சொல்லிவிட்டாராம். நெஞ்சு முடியாமல் குளிப்பதை என்றோ விட்டுவிட்ட மனிதர், அப்பாவுக்குப் பதில் தானே கடலடிக்கு இறங்கினாராம்.

இதில் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் வழக்கம்போல அப்பாவுக்குத் தண்ணீர்ச் செம்போடு கரைக்குப் போனேன். வள்ளத்திலிருந்து அப்பா காய்ந்த தலையோடு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் மாமா தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். எங்கள் அப்பாவின் கல்லைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கயிறு பிடிக்க வைத்துவிட்டாரே இந்த மனிதர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா மணலில் உட்கார்ந்தார். இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏளா, மாமாக்கு ஒரு மடக்குத் தண்ணி தா" என்று கையை நீட்டினார்.

நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே செம்பை மணலில் கவிழ்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைக்காத நியாயத்தைத் திங்கட்கிழமை நானே வாங்கிவிட்ட திருப்தியோடு, வெறும் செம்பை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.