மரியாவுக்குத் தண்ணீர் ஊற்றிய முனியம்மா

ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்ற பெண் திரும்பி, "மருத்துவச்சி முனியம்மா பூட்டாங்களாம், டீச்சரம்மா" என்றாள். "அப்படியா" என்றேன். அரிசியை வாங்கினேன், வீட்டுக்கு வந்து கல் பொறுக்கினேன், உலை வைத்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் உங்களில் பாதிப்பேரை முதலில் கையில் வாங்கியவர் அவர். வாய் கொஞ்சமா! வலியில் கத்துகிறவளிடம், "நல்லா கத்து, கோட்ட மேல கீற கொரங்கெல்லாம் எறங்கி வரட்டும்" என்பார். அவரிடம் திட்டு வாங்காமல் பிள்ளை பெற்றவள் இந்தப் பக்கத்தில் கிடையாது.

அவர் கும்பிட்டது மாரியாத்தாளை. ஆனாலும் எங்கள் பங்குச் சாமியார் அவருக்கு ஞானஸ்நான வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பிறந்த கிறிஸ்தவக் குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால், சாமியாருக்காகக் காத்திராமல் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. வேலிக்கு வெளியேதான்.

என் முதல் பிள்ளை ஒரு மத்தியானத்தில் முனியம்மா கையில் பிறந்தாள். புருவத்துக்குச் சற்று மேலே மண்டையோடு இல்லை. மூளையும் முழுதாக வளரவில்லை என்று பின்னால் டாக்டர் சொன்னார். கருவிலேயே அப்படி ஆகிவிடுமாம், யார் செய்த தப்பும் இல்லையாம். என் மாமியார் அலறினார். "கிரகணத்துல வெளிய போவாதன்னு தலப்பாடா அடிச்சிக்கினேனே! அவகிட்ட காட்டாத. துணியில சுத்திக் குடு, பொழக்கடையில பொதச்சிடலாம்." பாவம், அவருக்குப் பயம்.

முனியம்மா அசையவில்லை. "இரும்மா. மூச்சு வுடுது இல்ல? மூச்சு வுட்டா அது ஆளு" என்றார். என்னிடம் பேர் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. அவரே மரியா என்று வைத்துத் தண்ணீர் ஊற்றினார். என் பழைய புடவையைக் கிழித்து அவள் தலையைக் குல்லாய் போலச் சுற்றி, என் மடியில் வைத்தார். "பயப்படாம பாரு டீச்சரம்மா. மூக்கு உன்னுது." பார்த்தேன். என் மூக்குதான். பொழுது சாயுமுன் மரியா போய்விட்டாள்.

சாமியாருக்கு உதவியாக இருந்த கோயில் உபதேசியாருக்குச் சந்தேகம். சாமியாரோ ஊரில் இல்லை. தண்ணீர் தலையில் பட வேண்டுமே, இந்தப் பிள்ளைக்கு அது செல்லுமா, உள்ளே புதைக்கலாமா என்று வாசலிலேயே நின்று தவித்தார். முனியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

"நெத்தின்னு இருந்த கொஞ்சூண்டு எடத்துல ஊத்தினேன், ஐயா. சில்லுன்னு பட்டதும் மூஞ்சியச் சுளிச்சா. உங்க சாமியாரு சொன்னத ஒரு வார்த்த வுடாம சொன்னேன். இன்னும் இன்னா வேணும்?"

 உபதேசியார் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே குழி வெட்ட ஆள் அனுப்பினார். மரியா என் மாமனாருக்குப் பக்கத்தில் இருக்கிறாள்.

அடுத்த இரண்டு பிள்ளைகளையும் முனியம்மாதான் வாங்கினார். வீட்டில் யாரும் மரியா பேச்சை எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. அவர் மட்டும் அவலூர்பேட்டைச் சந்தையில் பார்த்தால், கூட்டத்துக்கு நடுவில், "இன்னா மூணு புள்ளக்காரி, சாப்டியா?" என்பார். யார் காதிலாவது விழுந்ததோ என்று சுற்றிப் பார்ப்பேன். சந்தோஷமாகவும் இருக்கும்.

நேற்றுத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மகள் என்னை அறியாதவள். பேச்சுவாக்கில், "உங்களுக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்டாள்.

"மூணு" என்றேன். "மூத்தவ பேர் மரியா. உங்கம்மாதான் வெச்சாங்க."