நல்லதை மட்டும் படித்த மாரிகாலம்

மூக்குச் சிந்தும் சத்தத்தோடுதான் எங்கள் வீட்டுப் பின்னேரங்கள் தொடங்கும். ளுஹர் தொழுகை முடிந்து, சோற்றுச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாய்ந்தமருதில் எங்கள் வளவைச் சுற்றியிருந்த பெண்களெல்லாம் பாய் இழைப்பதற்காகப் பன்புல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் உள்மண்டபத்துக்கு வந்து சேர்வார்கள். நான் “கிஸ்ஸா”ப் புத்தகத்தை விரித்து இரண்டு பக்கம் படிப்பதற்குள் யாராவது ஒருத்தி முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய்விடுவாள். கதையில் அதுவரை ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள். சாகப் போகிறார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே வருகிற அழுகை அது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் “பெரிய பிள்ளை”யாகிவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தை நிற்பாட்டி வீட்டுக்குள் இருத்தியிருந்தார்கள். தமிழை அறபு எழுத்தில் எழுதுகிற அறபுத் தமிழில் அச்சிட்ட அந்தப் பழைய கதைப்பாட்டுகளை ராகம் போட்டுப் படிக்க எனக்குத் தொண்டை இருந்தது என்பதால், மற்ற வேலைகளிலிருந்து தப்பி இந்த வேலையில் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இருந்தது நாலைந்து புத்தகங்கள். அவற்றில் ஒன்றுதான் சிரிக்கிற கதை: கல்யாண விருந்தில் வட்டிலாப்பத்தைத் தலைப்பாகைக்குள் ஒளித்து, பாகு நெற்றியில் வழிய வழிய, தீர்ப்புச் சொல்லும் காதியாருக்கு முன்னால் நின்ற ஒரு கஞ்ச வியாபாரியின் கதை. எனக்கு அது உயிர். இவர்களுக்கோ கப்பல்காரன் கதைதான் வேண்டும். அதிலே ஒரு வணிகன் கப்பலேறிப் போகிறான், கப்பல் உடைகிறது, செய்தி வந்ததும் அவன் மனைவி பக்கம் பக்கமாகப் புலம்புகிறாள். புலம்பல் வந்ததும் பாய் இழைக்கிற கைகளெல்லாம் நின்றுவிடும். வீட்டில் ஆயிரம் கரைச்சல் இருக்க, காசு கொடுக்காமல் கிடைக்கிற இன்னொரு கரைச்சலையும் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்களே என்று நான் உம்மாவிடம் சண்டை பிடித்திருக்கிறேன். உம்மா சிரித்துக்கொண்டே அடுத்த பன்னை எடுப்பார்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவி என் பெரியம்மா, உம்மாவின் மூத்த ராத்தா. ஒரே வளவில் அடுத்த வீடு அவருடையது. கதையில் எவ்வளவு பேர் செத்தாலும் பெரியம்மாவுக்குப் பிரச்சினையில்லை; வீட்டில் மட்டும் ஒரு கெட்ட வார்த்தை விழக்கூடாது. நாம் சொல்லுகிறதற்கெல்லாம் வானவர்களான மலக்குமார் “ஆமீன்” சொல்லிக்கொண்டிருப்பார்கள், எந்த நேரம் எது கபூலாகிப் பலிக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பார். ஆகவே அவர் வீட்டில் அரிசி முடிவதே இல்லை, “நிறைஞ்சிருக்கு” என்றுதான் சொல்ல வேண்டும். நிறைந்திருக்கிறது என்று சத்தம் கேட்டால் நாங்கள் கடைக்கு ஆளனுப்புவோம். தலையிடித்தால் தலை “இலேசாக” இருக்கும். யாராவது வாய் தவறி “செத்தன்” என்றுவிட்டால், “அல்லாட காவல்” என்று சொல்லி அந்த வார்த்தையைக் கையால் துரத்துவார். எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது, அந்த மாரி வரும்வரை.

பெரியம்மாவின் மகள் சவுதா ராத்தா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி வந்தவர் ஆதம் மச்சான், கடல் தொழில் செய்கிறவர். பேசவே மாட்டார், ஆனால் கரைக்கு வந்ததும் நேரே குசினி வாசலில் வந்து நின்று ராத்தாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமாகி இரண்டாவது மாரியின் தொடக்கத்தில், வானம் வெளுத்திருந்த ஒரு விடியலில் அவரும் கூட்டாளிகளும் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னேரம் வாடைக்காற்று எழும்பிவிட்டது. தோணி வரவில்லை.

சில நாள் கழித்துத் தெற்கே ஒலுவில் கரையில் தோணியின் பலகைகள் ஒதுங்கின. அதற்கும் தெற்கே கூட்டாளிகள் இருவரின் மையித்துகள் கரை சேர்ந்தன; அவர்களுடைய வீடுகளில் அழுது, அடக்கி, கத்தமும் ஓதிவிட்டார்கள். ஆதம் மச்சானின் மையித்து மட்டும் கிடைக்கவில்லை. பெரியப்பா இல்லாத வீடென்பதால் பள்ளிவாசல் லெப்பை என் வாப்பாவிடம் வந்து, இவ்வளவு அடையாளம் கண்ட பிறகு சந்தேகப்பட ஒன்றுமில்லை, காதியாரிடமும் கேட்டுவிட்டேன், பிள்ளையை “இத்தா” இருக்க விடுங்கள் என்று பக்குவமாகச் சொன்னார். இத்தா என்றால் புருசனை இழந்தவள் வெள்ளைச் சீலை உடுத்து, நகை கழற்றி, வீட்டுக்குள் ஒதுங்கித் துக்கம் காக்கிற காலம். வாப்பா தலையாட்டினார். பெரியம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடியே வெட்டிவிட்டார்.

“என்ட மருமகன் வருவாரு. இத்தா இருந்தா நாமளே அவர மௌத்தாக்கின மாதிரி. இந்த வூட்டுக்க வாயத் தொறந்தா நல்லதக் கதைங்க, ஏலாதெண்டா போயிட்டு வாங்க.”

அன்றோடு எங்கள் வளவில் நல்லதைத் தவிர வேறெதுவும் கதைக்கக் கூடாது என்றாகிவிட்டது. வருகிற பெண்களெல்லாம் வாசல் படலையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி, திருகோணமலைக் கரையில் அவரைப் போல ஒருவரைக் கண்டதாகத் தன் தம்பி சொன்னான் என்றாள். இன்னொருத்தி, பர்மாவுக்குப் போகிற கப்பல்காரர்கள் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், சம்பாதித்துக்கொண்டு வருவார் என்றாள். எல்லாம் பச்சைப் பொய். சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்காத விசயம். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது தீர்த்திருக்கலாம்.

கப்பல்காரன் கதையைப் பெரியம்மா துணியில் சுற்றிப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இனிமேல் சிரிக்கிற கதை மட்டும் படி என்று எனக்கு உத்தரவு. முதலில் எனக்கு உள்ளூரச் சந்தோசம். இவ்வளவு காலமும் நான் கேட்டதைத்தானே தருகிறார்கள்? ஆனால் நாளாக நாளாக அந்தப் படிப்பு என்னைக் கொன்றது. நான் கஞ்ச வியாபாரியின் தலைப்பாகைக்கு வரும்போது பெண்களெல்லாம் முதலில் சவுதா ராத்தாவின் முகத்தைப் பார்ப்பார்கள்; அவள் பல்லைக் காட்டுவாள்; பிறகு எல்லாரும் ஒன்றாகச் சிரிப்பார்கள். எனக்குப் பிடித்த கதை, என் வாயாலேயே அழுகிப்போனது.

ராத்தாவுக்குப் பெரியம்மா சிவப்புச் சீலை உடுத்தினார். கை நிறைய வளையல் போட்டார். பக்கத்து ஒழுங்கையில் நடந்த கல்யாணத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அடக்கம் செய்த வீடுகளில் இரண்டு பெண்கள் வெள்ளைச் சீலையோடு ஒதுங்கியிருக்க, அதே தோணியில் போனவரின் மனைவி பூப்போட்ட சீலையோடு மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெரியம்மா முன்னால் நல்லதும் முதுகுக்குப் பின்னால் நாறலுமாக இரண்டு கணக்கில் கதை ஓடியது. இத்தா இருக்காததால் இத்தா முடியவும் முடியாது. இன்னொரு வாழ்க்கைக்கு வழியும் கிடையாது. இருபது வயதுகூட ஆகாத ஒருத்தி, புருசன் உள்ளவளுமில்லை இல்லாதவளுமில்லை என்று நடுவில் நின்றாள். இதைச் சொன்னால் நான் வாயாடி.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் நான் வாளியை இழுத்துக்கொண்டிருக்க, ராத்தா பக்கத்தில் வந்து நின்றாள். வளையல் கையைத் தொட்டிக்குள் முக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கதைத்தாள்.

“நேத்து எல்லாரும் என்ட முகத்தப் பாத்துப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன். அவருக்காக அழுவுறதுக்கு இந்த வூட்டுல ஒரு மூலை இல்ல புள்ள.”

அதுவரை அழுகை என்றால் எனக்கு வேலையற்ற பெண்களின் பொழுதுபோக்கு. அழ விடாமல் ஒருத்தியை வதைக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று பின்னேரம் வழக்கம் போல எல்லாரும் வந்து பாயை விரித்தார்கள். நான் கஞ்சன் கதையை எடுத்தேன். சவுதா ராத்தா எழும்பி, பெரியம்மாவின் இடுப்பில் கிடந்த பெட்டகத் திறப்பைக் கேட்டாள். பெரியம்மா எதற்கென்று கேட்கவில்லை, விளங்கிவிட்டது. திறப்பைக் கையால் மூடிக்கொண்டு, அந்தக் கதை வேண்டாம் மகள், இப்பவே அஸர் தொழுகை நேரமாகப் போகிறது, நல்லதைக் கேட்டுக்கொண்டிரு என்றார். ராத்தா குரலை உயர்த்தவில்லை.

“உம்மா, மலக்குமாருக்குத் தெரியாதா அவர் எங்க எண்டு? நாம சொல்லித்தானா அவங்க தெரிஞ்சிக்கணும்? அவர் மௌத்தாப் போயிட்டாரு உம்மா. நான் சொல்லிட்டன். இனி என்ன நடக்கக் கிடக்கு?”

பெரியம்மா “அல்லாட காவல்” சொல்வார், கையால் துரத்துவார் என்று நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கை மடியிலிருந்து எழும்பவில்லை. திறப்பை உம்மாதான் எடுத்துக் கொடுத்தார்.

கப்பல்காரன் கதையை நான் படித்தேன். புலம்பலுக்கு வந்தபோது ராகம் போயிற்று, வெறும் சொற்களாகத்தான் படித்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. ராத்தா அழுதாள். அவள் அழத் தொடங்கியதும் அத்தனை பெண்களும் அழுதார்கள், திருகோணமலையில் கண்டதாகப் பொய் சொன்னவள் எல்லாருக்கும் மேலே அழுதாள். கதையின் மனைவிக்காக அழுகிறோம் என்று யாரும் நடிக்கவில்லை. இத்தனை வருசமாக இவர்கள் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அழுதது ஏனென்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்தப் பெண்களில் கடலுக்கோ காய்ச்சலுக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ யாரையாவது கொடுக்காதவள் ஒருத்தியும் இல்லை. சொந்தத் துக்கத்துக்கு ஒதுக்கிய நாள்கள் முடிந்த பிறகும் தேங்கிக் கிடந்ததைப் பாய் இழைத்தபடி அந்தப் புத்தகத்தின் பெயரில் இறக்கிவைத்திருக்கிறார்கள்.

அழுகை ஓய்ந்ததும் பெரியம்மா எழும்பிப் போய்ப் பெட்டகத்திலிருந்து வெள்ளைச் சீலையைக் கொண்டுவந்தார். வளையல்களை அவரே கழற்றினார், மகளின் கை நோகாமல் சவர்க்காரம் போட்டு, ஒவ்வொன்றாக. தான் பயந்துபோனதாக மட்டும் சொன்னார்.

ராத்தா இத்தா இருந்து முடித்து வெளியே வந்த முதல் பின்னேரம், எங்களோடு வந்து குந்தினாள். நான் எதைப் படிக்கலாம் என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவள், “அந்தக் கஞ்சன எடு புள்ள, சிரிச்சிக் கனகாலம்” என்றாள். தலைப்பாகைக்கு வந்தபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்தான் முதலில் சிரித்தாள், மூச்சு முட்டி, பன்னை விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்னொரு காலத்தில் காரைதீவுச் சந்தியில் கடை வைத்திருந்த ஒருவரை மறுமணம் முடித்து ஐந்து பிள்ளைகள் பெற்றாள். வீட்டில் எந்நேரமும் சிரிப்பும் பகிடியும்தான். துக்கத்தை விட்டுச் சந்தோசத்தைத் தெரிவுசெய்வது என்று சொல்கிறார்களே, அதைச் செய்து காட்டிய ஒருத்தியை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அவளாகத் தெரிவுசெய்தாள், மற்றவர்கள் அவள் வாயில் திணித்தபோது அது விசமாகத்தான் இருந்தது.

இப்போது எங்கள் தெருவில் கிஸ்ஸாப் படிப்புக் கிடையாது. பாய்கள் பிளாஸ்டிக்கில் வந்துவிட்டன, அறபுத் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிற பெண்ணைத் தேட வேண்டும். அதற்காக நான் ஏங்கி உருகப் போவதில்லை, போனது போகட்டும். ஆனால் நாலு பேர் கூடியிருந்து அழுகிற இடமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அதைப் பற்றி யாருக்கும் கவலையிருப்பதாகத் தெரியவில்லை. கைத்தொலைபேசியைத் திறந்தால் காலையிலேயே பூக்களோடு உபதேசம் வருகிறது: நல்லதையே நினையுங்கள், நல்லதையே பாருங்கள், கவலை தருகிறவர்களை விட்டு விலகுங்கள். அனுப்புகிறவர்களெல்லாம் எனக்கு வேண்டியவர்கள். பெரியம்மாவுக்காவது மலக்குகளிடம் பயம் இருந்தது, இவர்களுக்கு என்ன பயமோ.

என் புருசன் மௌத்தாகி இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. ஐம்பது வருசத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த மனிதர். வருகிறவர்கள் அவர் பெயரைச் சொல்வதில்லை. என் மகள் படலையிலேயே அவர்களைத் தடுத்து, உம்மாவுக்கு முன்னால் வாப்பாவைப் பற்றிக் கதைக்காதீர்கள், உம்மாவை “பொசிட்டிவ்” ஆக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் உள்ளே விடுகிறாள். அவர்கள் நெல் விலை, மழை, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனை என்று கதைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போகிறார்கள். மீதி நேரமெல்லாம் எனக்கு முன்னால் தொலைக்காட்சியில் பகிடி நிகழ்ச்சி ஓடுகிறது.

நேற்று அஸருக்குப் பிறகு மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். “வாப்பாவப் பத்தி என்னமும் கதை மகள்” என்றேன். அவளுடைய கீழுதடு நடுங்கியதை நான் நன்றாகக் கண்டேன். அவள் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, “சிரிங்க உம்மா” என்றாள்.