பச்சைப் புள்ளி

நம் ஆளுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கம்பெனியில் அவர் 'சார்', மகளுக்கு அப்பா, மனைவிக்கு 'ஏங்க'. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய மென்பொருளை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருப்பதுதான் அவருடைய உத்தியோகம். கம்பெனி தன் ஆபீஸ் மாடிகளைக் காலி செய்துவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. அதனால் படுக்கையறை ஜன்னலோரம், முன்பு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே அறையின் மறு மூலையில் மனைவியின் தையல் மெஷின். பேண்டுக்குக் கால் மடிப்பது, ஜிப் மாற்றுவது என்று அவளுக்கு நாள் முழுக்க வேலை இருக்கும். இவருக்குத்தான் இருக்காது.

இது அவர் யாரிடமும் வாய் திறக்காத ரகசியம். பழைய மென்பொருள் பெரும்பாலும் தன்பாட்டுக்கு ஓடும். காலையில் ஒன்றிரண்டு மணி நேர வேலை, மிச்ச நேரம் ஈ ஓட்ட வேண்டியதுதான். முன்பெல்லாம் ஆபீஸில் கையில் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தால் போதும், மனுஷன் வெட்டி முறிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் யாரிடம் நடந்து காட்டுவது?

அப்படி நாள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. வருஷக் கடைசியில் பழைய மென்பொருளை மூடிவிடுவார்கள். அதற்குப் பதில் எல்லாம் 'க்ளவுட்' என்கிற புது ஏற்பாட்டுக்குப் போகும். இப்போதிருக்கும் டீமில் பாதிப் பேருக்குத்தான் புது வேலையில் இடம், மற்றவர்கள் கிளம்ப வேண்டியதுதான். புதுப் பாடங்களைக் கம்பெனியே இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது, வேலை நேரத்திலேயே படித்துப் பரீட்சை எழுதலாம். இதைப் படித்த அன்று நம் ஆளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ரேடியோ போன் செய்தார். அதே டீமில் வேலை பார்ப்பவர். காதில் விழுந்ததையெல்லாம் ஒலிபரப்புவதால் அந்தப் பெயர்.

"சார், விஷயம் தெரியுமா? பேருக்குப் பக்கத்துல இருக்கிற புள்ளியைக் கணக்கெடுக்கிறாங்களாம். எவன் அதிக நேரம் மஞ்சளா இருக்கானோ, அவன்தான் முதல்ல அவுட்டு."

ஆபீஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ளும் திரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். கணினியில் கை அசைந்துகொண்டிருந்தால் பச்சை. சில நிமிஷம் கையை எடுத்துவிட்டால் மஞ்சள். ரேடியோ இப்படி ஆயிரம் சொல்வார், போனை வைத்ததும் மறந்தும் விடுவார். ஆனால் நம் ஆள் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அன்று பிடித்த பைத்தியம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் புள்ளியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸை ஒரு கைக்கடிகாரத்தின் மேல் வைத்தால் முள் நகர நகரத் திரையில் அம்புக்குறியும் அசையும் என்று யாரோ சொன்னார்கள். அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து அந்தப் பக்கமே போகவில்லை. பாத்ரூம் போவதென்றால் மவுஸை அசைக்க மனைவிக்குத்தான் டியூட்டி.

"ஏங்க, ஊரார் துணியைப் பாதியில போட்டுட்டு இதை ஆட்டிட்டு இருக்கேன். இதுக்குப் பேரு கம்ப்யூட்டர் வேலையா?"

"உன்னை என்ன மாவா ஆட்டச் சொன்னேன்? லேசா அசைச்சாப் போதும்."

ஒருநாள் அவள் மடியிலிருந்த பேண்ட் விசைப்பலகையில் விழுந்து, என்னவோ ஒரு எழுத்து வரிசையாக நாற்பது தடவை பதிவாகி, டீம் மொத்தத்துக்கும் போய்விட்டது. நம் ஆள் பேயறைந்தவர் போல நின்றார். மேனேஜர் அதற்கு கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். பாவம், அந்தப் பெண் எதையுமே படித்திருக்க மாட்டாள்.

"இப்படி உக்காந்து புள்ளிக்குக் காவல் காக்கிற நேரத்துல அந்தப் பாடத்தைப் படிக்கலாம்ல?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

"வேலை நேரத்துல பாடத்தைத் திறந்தா, இவனுக்கு வேலையே இல்லைன்னு தெரிஞ்சு போயிடும்."

"அவங்கதானே படிக்கச் சொன்னாங்க?"

"சொல்லுவாங்க. சொல்லிட்டு, யார் யார் திறக்கிறான்னு பார்ப்பாங்க. உனக்கு இவங்களைப் பத்தித் தெரியாது."

இதில் பாதிதான் உண்மை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்த பிறகு முதல் பாடத்தைத் திறந்து பார்த்திருந்தார். அதில் பாடம் நடத்தியது ஒரு பொடிசு, அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிறந்தே இருக்காது. அது சொன்னதில் ஒன்றும் தலையில் ஏறவில்லை. பரீட்சையில் தோற்றால் அது எல்லோருக்கும் தெரிந்துபோகும், எழுதாமலே இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படியே மூடியவர்தான். இந்தப் பயத்தை அவர் தனக்கே கூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு ஒருநாள் மகளுக்குப் பள்ளியில் காய்ச்சல் கண்டு மயக்கம் வந்துவிட்டது. மனைவி துணி கொடுக்க வெளியே போயிருந்தாள். நம் ஆள் திறந்த லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, போனிலிருந்து இணையத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். வாடகைக் காரில் மகள் தோளில் சாய்ந்திருக்க, இவர் விரல் மவுஸ் பட்டையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. கிளினிக்கில் நர்ஸ் ஒரு பார்வை பார்த்து, "சார், அதை மூடிட்டுப் பாப்பா கையைப் பிடிங்க" என்றாள். பிடித்தார். ஒரு கையால்தான் பிடித்தார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது மகள் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, மஞ்சளாயிடுச்சாப்பா?"

"இல்லடா, பச்சைதான். நீ தூங்கு."

அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் விரல் நிற்கவில்லை.

இடம் ஒதுக்கும் மாசம் வந்தது. ஒரு மத்தியானம் மேனேஜர் போனில் கூப்பிட்டாள். இவரைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள், மரியாதை தெரிந்தவள். நம் ஆள் போனை ஸ்பீக்கரில் போட்டார், கை மவுஸை விடவில்லை. மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"சார், புது டீம் லிஸ்ட் கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு. அதுல நீங்க இல்லை. நானே சொல்லிடலாம்னு கூப்பிட்டேன்."

இவர் திரையில் தன் புள்ளியைப் பார்த்தார், பச்சைதான்.

"உண்மையில உங்களைத்தான் சார் முதல்ல நெனச்சேன். ஆனா எப்பப் பார்த்தாலும் நீங்க பச்சைல இருக்கீங்க. பாடத்தைத் திறக்கக்கூட உங்களுக்கு நேரமில்லை போலிருக்கு. பழைய சிஸ்டம் மொத்தமும் உங்க தலையிலதான் ஓடுதுன்னு புரிஞ்சுது. உங்களை எடுத்துட்டா அது நின்னுடும்னு நானே மேல சொல்லிட்டேன். நம்ம ரேடியோ பாதி நாள் மஞ்சள்ல இருந்தார். என்னன்னு கேட்டேன், கையை எடுத்துட்டுப் பாடம் கேட்டுட்டு இருக்கேன்னார். அவருக்கு இடம் கிடைச்சிடுச்சு."

மனைவி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒண்ணு சார். இன்னும் ஒரு இடம் மிச்சமிருக்கு. வருஷக் கடைசிக்கு அப்புறம் பழசு இருக்காது, அது உங்களுக்கே தெரியும். உங்க கைல வேலை கொஞ்சம் கம்மின்னு சொல்லுங்க, போதும். பாதி நாள் அதைப் பாருங்க, பாதி நாள் படிங்க. நான் பேசி வாங்கித் தர்றேன். மறைக்காம சொல்லுங்க, நெஜமா வேலை எவ்வளவு இருக்கு?"

மனைவி இரண்டு கையாலும் ஜாடை காட்டினாள். சொல்லுங்க, சொல்லிடுங்க. நம் ஆள் வாயைத் திறந்தார். ஒன்றிரண்டு மணி நேர வேலை என்று சொன்னால், அப்போ இத்தனை மாசமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பாளே? ஆழம் பார்க்கத்தான் கேட்கிறாளோ? குட்டு உடைந்தால் வருஷக் கடைசி வரைக்கும் கூட விட்டு வைப்பார்களா?

"மூச்சு விட நேரமில்லை மேடம்" என்றார்.

"அப்படித்தான் நானும் நெனச்சேன். சரி, அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுத்திடறேன். உடம்பைப் பார்த்துக்கங்க சார்."

போன் நின்றது. மனைவி எழுந்து வந்து அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் கோபப்படவில்லை, அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, அந்தப் பொண்ணு அவ்வளவு கேட்டுச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"வேலை போயிடுமோன்னு" என்றார்.