பாவாடை ஓரத்து ஈரம்

சன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வரும். என் பாவாடை ஓரத்தைப் பிடித்துப் பிழிந்து பார்க்கும். ஈரம் இருந்தால்தான் அந்தக் கைக்கு நிம்மதி. அது என் லாத்தாவின் கை. கூடப்பிறந்த அக்காளை எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

சுதந்திரம் வந்த புதுசு. திருப்பாலைக்குடிக் கரையில் எங்கள் ரெண்டு பேரையும் பிடிக்க ஆள் கிடையாது. கடல் வற்றிக் கிடக்கும் நேரமாகப் பார்த்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாசிக்குள் நடந்தே மணல்திட்டுக்குப் போய்விடுவோம். ஒருமுறை திரும்பும்போது தண்ணீர் ஏறி இடுப்புக்கு வந்துவிட்டது. நான் அழுதேன். லாத்தா என் சடையைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டே, "ஏண்டி, கடல்ல தண்ணி பத்தலன்னு நீ வேற ஊத்துறியா?" என்று சிரித்தாள்.

அப்புறம் அவள் பெரியவளானாள். வழக்கப்படி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். தெருச் சன்னல் மட்டும்தான் அவளுக்கு மிச்சம். "எங்கன போன? ஒண்ணு விடாமச் சொல்லு" என்பாள். தனியாகத் திட்டுக்குப் போக எனக்குப் பயம். ஆனாலும் அவளுக்குச் சொல்வதற்காகவே போனேன். ஊரில் யாரிடமும் வாய் திறக்காத நான் அந்தச் சன்னலில் மட்டும் ஓயாமல் பேசினேன்.

கல்யாணமாகித் தலைப்பிள்ளை வயிற்றிலிருந்தபோது அவளுக்கு விடாத காய்ச்சல். அந்தச் சமயத்தில்தான் நானும் பெரியவளானேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, கடலும் நின்றது. அவள் பாயோரம் உட்கார்ந்திருந்தேன். கண் திறக்காமலே, "எங்கன போன?" என்றாள்.

"திட்டுக்கு, லாத்தா. அங்கன ஒரு வல்லம் கவுந்து கெடக்கு. அதுக்கடியில ஒரு ஆமை குடித்தனம் பண்ணுது."

அவள் கை என் பாவாடை ஓரத்தைத் தேடிப் பிடித்தது. காய்ந்து கிடந்தது. எங்களைப் பெற்ற உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லாத்தா ஓரத்தை விடவில்லை. "அதுக்குக் கடலுக்குப் போக வழி தெரியுமாடி?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் லாத்தாவின் மையித்தை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கூடப்போக எங்களில் வழக்கமில்லை. அவள் நின்ற சன்னலில் நின்று பார்த்தேன்.

இப்போது பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறேன். எந்தக் கதையானாலும் அதில் ஒரு ஆமை எப்படியோ கடல் போய்ச் சேர்ந்துவிடும். எழுதி முடித்ததும் சேலை ஓரத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்துதான் கிடக்கிறது. பொய்யென்று தெரிந்தே நம்பிய அந்தக் கைதான் இல்லை.