மூன்று முறை அடித்த ஹாரன்

சிடுமூஞ்சி என்றுதான் டிப்போவில் அந்த பஸ் டிரைவருக்குப் பெயர். வெள்ளம் வந்தால் ஜனங்களை ஏற்றிவர இருபத்திரண்டு வருடமாக அவரைத்தான் அனுப்புகிறார்கள். எந்தத் தெரு எப்படிக் கிளம்பும் என்பது அவருக்கு அத்துப்படி. மீன்பிடிக்கிறவர்கள் தெரு எள் என்றால் எண்ணெயாக நிற்கும். மூன்று முறை ஹாரன் அடித்தால் போதும், ஓடிவந்து ஏறி, "இன்னும் வண்டிய எடுக்கலயா?" என்று அவரையே அதட்டுவார்கள். கடைத்தெரு வேறு ரகம். முழங்காலளவு தண்ணீரிலும் ஷட்டரைப் பூட்டி, பஸ்ஸில் ஏறி, மறுபடி இறங்கிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். போன வருடம் ஒருவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே போட்டார்.

கல்குவாரி குடியிருப்பை மட்டும் அவர் இதுவரை காலி செய்ததில்லை. தங்கை வாழ்க்கைப்பட்ட இடம்தான். ஆனால் குவாரிக்கு லீவு விட்ட நாளில்தான் அங்கே போவார். ஒரே தெரு, எதிரெதிராக இரண்டு வரிசை வீடு. இடது வரிசைக்குப் பின்னால் கழிவுக் கல்லும் மண்ணும் மலையாகக் கிடக்கும். மூன்று நாள் மழையில் அது விரிசல் விட்டுவிட்டது என்று காலையில் தகவல் வந்தது.

தெருமுனையில் நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடித்தார். மூட்டையோடு பஸ்ஸை நோக்கி வந்த ஒரு பெண் அப்படியே திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன.

"சாகணும்னே இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டு மறுபடி மூன்று அடித்தார். திறந்திருந்த ஜன்னல்களும் மூடின.

குவியலிலிருந்து ஒரு பாறை உருண்டு இடது வரிசையில் ஒரு கூரையைப் பிளந்தது. அவர் ஜாக்கி கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். தங்கை வீடு வலது வரிசையில். நேரே அங்கே போய்க் கதவை அடித்துப் பெயர்த்தார்.

தங்கையும் அவள் புருஷனும் கட்டிலுக்கு அடியில் கிடந்தார்கள். தங்கையின் கையைப் பிடித்து இழுத்ததுதான் தாமதம், மாப்பிள்ளை பாய்ந்து வந்து அவர் வாயில் குத்தினான். இரண்டு பல் தெறித்தது. அவர் கம்பியை வீசினார். மாப்பிள்ளையின் முழங்கை மளுக்கென்று முறிந்தது. அப்படியும் அவன் ஒற்றைக் கையால் அவர் கழுத்தை நெரித்தான்.

"வெளிய இழுக்காதீங்க மச்சான்! எங்கப்பா தலை செதறினது இப்படி வெளிய போய்த்தான்!"

"அண்ணே, மூணு அடிச்சா வேட்டு வைக்கிறாங்கன்னு அர்த்தம்!" தங்கை கதறினாள். "குவாரி சங்கு கெட்டுப்போனதுல இருந்து லாரி ஹாரன்தான் அடிக்கிறாங்க. நீளமா ஒண்ணு அடிச்சாதான் வெளிய வரலாம். குவியல வேட்டு வச்சுத் தள்ளுறாங்கன்னுல்ல நெனச்சோம்!"

அவர் மாப்பிள்ளையை உதறித் தள்ளினார். வாயில் ரத்தம் ஒழுக ஓடிப்போய் ஹாரனை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தார். இரண்டு வரிசையிலும் கதவுகள் திறந்தன. வழக்கம் தவறாமல் அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். அப்போதுதான் குவியல் இறங்கியது. இடது வரிசையின் சுவர்கள் அப்பளமாக நொறுங்கின. குழந்தையோடு வாசலில் கால் வைத்த ஒருத்தியைச் சேறு அவர் கண்ணெதிரே சுருட்டிக்கொண்டு போனது. பாதித் தெருவோடு அது நின்றது. வலது வரிசைக்காரர்கள் கத்தியபடி பஸ்ஸுக்கு ஓடிவந்தார்கள். இடது வரிசையில் ஒன்பது பேர் செத்தார்கள்.

நான்காம் நாள் துணிமணி எடுக்கத் தங்கையை அங்கே கூட்டிப்போனார். வீட்டில் ஒரு தம்ளர்கூட இடம் மாறவில்லை. அவர் உடைத்த கதவு மட்டும் தரையில் கிடந்தது. எதிரே இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"கதவ நாளைக்கே ஆள் வச்சு சரி பண்ணிடறேன்" என்றார்.

தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. "குவியல் அந்தப் பக்கம்தானே இருந்துச்சு. மொதல்ல அங்க ஒரு கதவ ஒடச்சிருந்தா, ஹாரன் விஷயத்த அவங்க சொல்லியிருப்பாங்கல்ல. சண்டையில அந்த நேரமும் போயிருக்காதுல்ல."

"நீ இந்தப் பக்கம்தானே இருந்தே" என்றார் அவர்.