ஐலண்டைப் பிரித்த கதை

குடும்பங்கள் சண்டை பிடிக்கத் தெரிவு செய்யும் இடம் குசினி, அதாவது சமையலறை. அந்த இடத்துக்கு வரைபடம் கீறிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அளவுநாடாவோடு அலைந்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கிய தோழர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் துண்டுப்பிரசுரம் படித்து அறிவு பெற்றவன். துறைமுகத் தொழிலாளரை மேடையேறி எழுப்பியவன். வேலைநிறுத்தத்தில் என் வேலை போனதும், நான் எழுப்பியவர்கள் மெல்லத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு தச்சுப் பட்டறை என்னைச் சேர்த்துக்கொண்டது. அங்கேதான் குசினி வடிவமைக்கப் பழகினேன்.

கறுப்பு

யுத்த காலம். கல்கிசையில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றில் புனிதம், ராணி என்று இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். மூத்தவர் புனிதம் சுத்த சைவம். இளையவர் ராணிக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆளுக்கொரு அடுப்பு, பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வீடு யார் பெயரில் இருந்ததோ அந்தத் தம்பி, லண்டனில் இருந்த சந்திரன், ஒரு படமும் ஒரு நிபந்தனையும் அனுப்பினார். படத்தில் இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய மாளிகை ஒன்றின் கன்னங்கரிய புதுக் குசினி. அதுபோல ஒரே குசினி கட்டி இருவரும் அதில் சமைத்தால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் மாடிவீடு கட்டுகிறவருக்கு விற்றுவிடுவார். யாழ்ப்பாணத்து வீடு ஏற்கெனவே ஷெல்லடியில் போய்விட்டது. இதுவும் போனால் சகோதரிகளுக்குப் போக்கிடமில்லை.

கறுப்பு வீட்டுக்கு ஆகாது என்று புனிதம் அக்கா மறித்தார். கறுப்புக்கொடி பிடித்தே தோள் காய்த்தவனிடமா இந்தக் கதை? பழைய குசினிச் சுவரைக் காட்டி, இத்தனை காலப் புகையில் இது மட்டும் என்ன நிறம் என்று மடக்கினேன்.

“அது தானாக் கறுத்தது, தம்பி. நீர் எங்களிட்டைக் காசு வாங்கியெல்லோ கறுக்கப் பண்ணப்போறீர்.”

கருங்கல் மேசை

படத்திலிருந்த குசினியின் நடுவே, நாலு பக்கமும் நின்று வேலை செய்யக்கூடிய பெரிய மேசை ஒன்று இருந்தது. அதற்கு ஐலண்ட் என்று பெயர். மீன் வெட்ட நல்ல இடம் என்று ராணி அக்கா, மூத்தவரின் காதில் விழும்படி என்னிடம் சொன்னார். நடுவில் கோடு போட வேண்டும், இந்தப் பக்கம் ஒரு செதிளும் வரக் கூடாது என்று புனிதம் அக்காவும் தங்கையின் காதில் விழும்படி என்னிடமே சொன்னார்.

நான் மறுத்தேன். உழைக்கும் கைகளுக்கிடையே எல்லைக்கோடு கிடையாது என்று ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். ராணி அக்கா பொறுமையாகக் கடைசிவரை கேட்டார்.

“நல்லாக் கதைக்கிறீங்கள். நாளைக்கு அக்காவுக்குப் பக்கத்திலை நிண்டு ஒரு சூடைமீன் வெட்டிக் காட்டுங்கோ, பாப்பம்.”

நோர்த் சைட்

வேறு வழியில்லாமல் வெள்ளவத்தையில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து சந்திரனுக்கு எடுத்தேன். லைன் இரைந்தது. மேடைக் குரலில் கத்தினேன்: ஐலண்டை டிவைட் பண்ணத்தான் வேணும், நோர்த் சைட் மூத்தவவுக்கு, அவ விட்டுக் குடுக்க மாட்டா. கடைக்காரர் முகம் வெளுத்தது. வாசலில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்ற இரண்டு பொலிஸ்காரருக்கும் தமிழ் தெரியாது. நடுவிலே வந்த இங்கிலீஷ் மட்டும் நன்றாக விளங்கியது.

என் உரைகளுக்காக ஒருநாளும் என்னைப் பிடிக்காத அரசாங்கம், ஒரு குசினி மேசைக்காகப் பிடித்தது. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. சகோதரிகள் வரைபடத்தோடு ஸ்டேசனுக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் என்னை மறந்துவிட்டு, எந்தப் பாதி யாருக்கு என்று இன்ஸ்பெக்டரிடம் மாறி மாறி முறையிடத் தொடங்கினார்கள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார்.

“அந்த ஐலண்ட் பிரிச்சுக் குடுத்துப் போடு. எங்களுக்குக் கரச்சல் வேணாம்.”

இருட்டு

பிரித்தேன். நடுவே பித்தளைக் கோடு. இரண்டு பக்கமும் கைப்பிடியில்லாத கறுப்பு அலுமாரிகள். சந்திரன் லண்டனிலிருந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். வீட்டை வாங்க வந்தவர் விறாந்தையில் காத்திருந்தார். மழை மூட்டமான பின்னேரம். அடுப்பு மூட்டியதும் மின்வெட்டு வந்தது. மெழுகுதிரி எந்த அலுமாரியில் என்பது இருக்கட்டும், அலுமாரி எங்கே என்பதே தெரியவில்லை.

“ராணி, எங்கை நிக்கிறாய்?” என்றார் புனிதம் அக்கா. தங்கையோடு அவர் நேரே பேசியதை அன்றுதான் கேட்டேன். பிறகு சட்டி விழுந்தது, ஏச்சு வந்தது, கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது. கை எட்டிய போத்தலை எடுத்துப் போட்டு இருவரும் சமைத்து முடித்தார்கள்.

மீன்குழம்பு தித்தித்தது. பாயாசம் கரித்தது. அக்கா தங்கையின் உப்பையும், தங்கை அக்காவின் சீனியையும் எடுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டையும் ருசி பார்த்த சந்திரன் எழுந்து விறாந்தைக்குப் போனார். வாங்க வந்தவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

“வீடு இருக்கட்டும். இப்ப வெளிக்கிடுங்கோ, மூண்டு பேரும் கடையிலை போய்ச் சாப்பிடுவம்.”

ஆயுள் முழுக்க நான் பேசிய ஒற்றுமையை ஒரு மின்வெட்டு செய்து முடித்தது என்றால், பிழை என் பேச்சில் இல்லை, வெளிச்சத்தில்தான் என்று இன்றைக்கும் வாதாடுவேன்.